எந்த இடத்தில் நின்றீர்கள்?

எங்கள் கூட்டத்துக்கு இருக்கிற ஒரே விதி, கதையைச் சொல்லக் கூடாது என்பதுதான். எல்லாரும் படித்துவிட்டே வருகிறோம். முதலில் பேசுகிறவர், நாவலில் தன்னை நிறுத்திய ஓர் இடத்தைப் பக்கம் புரட்டி எடுத்து, ஏன் அங்கே நின்றார் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பேச்சு தன் வழியில் போகும். கதைச் சுருக்கத்தோடு தொடங்கிய ஆரம்ப நாட்களில் ஒருவர் அரை மணி நேரம் சொல்லி முடிப்பார், மற்றவர்கள் ஆமா ஆமா என்று தலையாட்டுவார்கள், அதற்குள் டீ வந்துவிடும். பேச எதுவும் மிஞ்சியிருக்காது.

எங்களில் எழுதுகிறவர் யாரும் இல்லை. வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா, தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதும் தம்பி, அவனுடைய மதினி, மானாவாரி வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டொருவர். கோவில்பட்டியில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. பூமணி, தேவதச்சன், கோணங்கி, சோ. தர்மன் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ரோட்டைப் பிடித்துக் கொஞ்ச தூரம் தெற்கே போனால் இடைசெவல் வந்துவிடும். அங்கேதான் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒருவர் படித்ததை மற்றவருக்குச் சொல்லிச் சொல்லி வளர்ந்தார்கள். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அந்த இருவரும் பெரிய எழுத்தாளர்கள் ஆவதற்கு முன்னால் இரண்டு நல்ல வாசகர்களாக இருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

*

பூமணியின் 'வெக்கை'. 1982-இல் வந்த நாவல். எங்களில் பாதிப் பேர் 'அசுரன்' பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்கள். வெற்றிமாறன் 2019-இல் எடுத்த படம், தனுஷுக்கு தேசிய விருது வாங்கித் தந்தது. கல்லூரித் தம்பி வந்ததும் வராததுமாகக் கேட்டான்: "படத்துல வர்ற அந்தப் பெரிய ஃப்ளாஷ்பேக் புத்தகத்துல காணோமேண்ணே?"

காணோம்தான். படம் தகப்பனைச் சுற்றிக் கட்டப்பட்டது. நாவல் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் தோளை ஒட்டியே நடக்கிறது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை வெட்டப் போனவன் உயிரையே எடுத்துவிடுகிறான். அது தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. மீதி நாவல் முழுக்க அய்யாவும் மகனும் காட்டுக்குள் ஒளிந்து திரிவதும், வயிற்றுக்கு வழி பண்ணுவதும், வீட்டை நினைத்துக்கொள்வதும்தான். கடைசியில் கோர்ட்டில் ஆஜராகப் புறப்படுகிறார்கள். பழிவாங்கும் கதை என்று எதிர்பார்த்து வந்த பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருந்தது. "இடைவேளைக்கு அப்புறம் ஒண்ணுமே நடக்கலையே" என்றான் இன்னொரு பையன்.

சம்சாரி அதுவரை வாயைத் திறக்கவில்லை. அவர் நின்ற இடம், அய்யாவும் மகனும் சோறாக்கித் தின்கிற பகுதி. "ஒளியறது லேசு தம்பி. ஓடைக்கரையில விடத்தலை மண்டிக் கிடந்தா ஆள் இருக்கறதே தெரியாது. ஆனா தண்ணி மொள்ள வெளிய வந்தாகணும். அடுப்புப் புகை மேல போகாமப் பாத்துக்கணும். உங்களுக்கு ஒண்ணும் நடக்கலைன்னு தெரியுது. எனக்கு ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் திக்குதிக்குன்னு இருந்துச்சு." அதைக் கேட்டபின் நான் வீட்டுக்குப் போய் அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தேன். சோறு வேகிற நேரம் முழுக்க ஆபத்து பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பூமணி அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டிருக்கிறார். வெயிலும் முள்ளும் தெரிந்தவன் தானே உணர்ந்துகொள்வான் என்று நம்பி எழுதியிருக்கிறார்.

நர்ஸ் அக்கா வேறொன்றைப் பிடித்தாள். அந்த அய்யா மகனை ஒரு வார்த்தை திட்டுவதில்லை, தூக்கிவைத்துக் கொண்டாடுவதுமில்லை. அடுத்து எங்கே படுப்பது, என்ன தின்பது என்றுதான் பேசுகிறார். "கொலை செஞ்ச பிள்ளைய முதல்ல பிள்ளையா பாக்காரு" என்றாள்.

பெரிய சண்டை வந்தது சாதிப் பெயரை வைத்து. நாவலில் சாதிப் பெயர் சொல்லப்படுவதில்லை. படமோ பஞ்சமி நிலம் என்று வாய்விட்டே பேசுகிறது. வங்கி அண்ணாச்சி, பெயர் சொல்லாததுதான் நாவலின் கம்பீரம் என்றார். கல்லூரித் தம்பி விடவில்லை: "பேரு சொல்லலைன்னா, வேணுங்கறவங்க இத வெறும் நிலத்தகராறுன்னு படிச்சிட்டுப் போயிருவாங்க அண்ணாச்சி." தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு வடக்கூரான் யார், நிலத்தை ஏன் கேட்கிறான் என்பதற்கு விளக்கம் வேண்டாம். வெளியூர் வாசகன் அதைத் தாண்டிப் போய்விட முடியும். புத்தகம் சொல்லாமல் விட்டதைப் படம் சொன்னது நல்லதே. ஆனால் அதைச் சொல்வதற்குப் படத்துக்கு ஒரு கதாநாயகன் தேவைப்பட்டான், அவன் வந்ததும் சிறுவன் பின்னுக்குப் போய்விட்டான். நாவலில் எனக்கு முக்கியமானவன் அந்தச் சிறுவன்தான். ஒரே ராத்திரியில் பெரியவனாகி, மறுநாளே பசிக்குதுய்யா என்று நிற்கிற பிள்ளை.

*

ஒரு நாவலை 'சூப்பர்' என்றும் 'மொக்கை' என்றும் சொல்லி முடிப்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. எந்த இடத்தில் சூப்பர் என்று கேட்டுப் பார்ப்பேன். பதில் வந்தால் பேச்சு தொடங்கிவிட்டது.

*

திருநெல்வேலியில் டி.கே.சி. வீட்டில் நடந்த வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பேசுவார்கள். ஒரு கம்பன் பாட்டை எடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தி, ரசித்து, கூடியிருக்கிற அத்தனை பேரையும் அதற்குள் இறக்கிவிடுவாராம். நாவல் பேசுகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. நாலு வரிப் பாட்டை எல்லார் முன்னாலும் முழுதாக வைக்கலாம். முந்நூறு பக்க நாவலை எப்படி வைப்பது? அது யார் கையிலும் முழுதாக இல்லை. ஒருவருக்கு ஒரு பாத்திரம் நினைவிருக்கும், இன்னொருவருக்கு ஒரு வீடு, மூன்றாமவருக்கு ஏதோ ஒரு சாயங்காலம். பெயர்களைக்கூட மறந்துவிடுவோம். ஆளுக்கொரு துண்டைக் கொண்டுவந்து வைத்தால்தான் நாவல் கூட்டத்துக்கு நடுவில் உருவாகி வருகிறது. தனியாகப் படித்தபோது எனக்குக் கிடைக்காத நாவல்கள் எனக்கு அப்படித்தான் கிடைத்திருக்கின்றன. நான் கூட்டத்துக்குத் தவறாமல் போவது இதற்காகத்தான்.

*

இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018-இல் க்ரியா போட்டது, 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எஞ்சினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவள். தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுவரப்படுகிறாள். அப்பா நடேசன், அம்மா அமராவதி, அண்ணன் முருகன் எல்லாரும் வார்டுக்கு வெளியே நிற்கிறார்கள். நாவலின் பெரும்பகுதி அந்த நிற்பதும் பேசுவதும்தான்.

வங்கி அண்ணாச்சி எடுத்த எடுப்பிலேயே கறாராகச் சொன்னார்: "பாதியாக் குறைச்சிருக்கலாம். சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்காங்க." இரண்டு மூன்று பேர் ஆமோதித்தார்கள். நானும் படிக்கும்போது அப்படி நினைத்ததுண்டு. அழுகை, புலம்பல், பழைய குற்றச்சாட்டு, மறுபடியும் அழுகை.

நர்ஸ் அக்கா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். தீக்காய வார்டில் அவளுக்கு அனுபவம் உண்டு. உடம்பில் பெரும்பகுதி வெந்துபோன ஒருத்தி முதல் நாளில் தெளிவாகவே பேசுவாளாம். பேர் சொல்வாள், தண்ணீர் கேட்பாள், பிள்ளைகளை விசாரிப்பாள். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்குகிறபோது பதில் சொல்வாள். வெளியே நிற்கிறவர்களுக்கு அதைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடும், பேசுகிறாளே, பிழைத்துக்கொள்வாள் என்று. கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிற சதவீதத்தைப் பார்த்த நர்ஸுக்குத் தெரியும், இனிமேல்தான் கிருமி தாக்கும், ஒவ்வோர் உறுப்பாகச் சோரும் என்று. "வெளிய நிக்கறவங்க டாக்டர்ட்ட கேப்பாங்க, எங்கிட்ட கேப்பாங்க, கூட்டுற அம்மாட்ட கேப்பாங்க, வாட்ச்மேன்ட்ட கேப்பாங்க. கேள்வி ஒண்ணுதான். யாராவது ஒருத்தர் வேற பதில் சொல்ல மாட்டாங்களான்னு பாப்பாங்க அண்ணாச்சி. இவரு அத எழுதியிருக்காரு. நான் இதுவரைக்கும் எந்தக் கதையிலயும் இதப் பாத்ததில்ல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அண்ணாச்சி விட்டுக்கொடுக்கவில்லை, அதுவும் எனக்குப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஒரே கேள்வி பல முறை கேட்கப்படும் என்பது உண்மையாக இருக்கலாம், எழுதுகிறவன் அதில் தேர்ந்தெடுத்தாக வேண்டும் அல்லவா என்றார். இரண்டு பேரும் சொன்னதை வைத்துக்கொண்டு மறுபடி புரட்டினேன். வார்டுப் பகுதிகளில் அக்கா பக்கம்தான் நான். அங்கே திரும்பத் திரும்ப வருவது நாவலின் மூச்சாகவே இருக்கிறது, அதை வெட்டினால் காத்திருப்பு போய்விடும். காதலும் கல்யாணமும் பற்றிய குடும்பச் சண்டைகளில் அண்ணாச்சி சொன்னது பொருந்தும். அங்கே சில பக்கங்கள் குறைந்திருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. நடேசன் எவ்வளவு பணம் வேண்டுமானாலும் தருகிறேன் என்று நிற்பது மட்டும் எத்தனை முறை வந்தாலும் கனக்கிறது. மகள் நல்லபடியாக இருந்தபோது ஒதுக்கி வைத்த மனிதர் அவர்.

*

அந்தக் கூட்டத்தின் தொடர்ச்சியாக 'ஆரோக்கிய நிகேதன'த்தை எடுத்தோம். தாராசங்கர் பந்தோபாத்யாய வங்காளத்தில் எழுதி 1956-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தமிழில் த.நா. குமாரசாமி மொழிபெயர்த்தார். ஜீவன் மசாய் என்ற நாட்டு வைத்தியர், நாடி பிடித்துப் பார்த்து மரணம் வருவதைச் சொல்லிவிடுகிறவர். சொந்த மகனின் மரணத்தையும் நாடியில் முன்பே உணர்ந்தவர். பட்டணத்துப் படிப்போடு வருகிற இளம் டாக்டர் பிரத்யோதுக்கு இது கொடுமையாகப் படுகிறது. பிழைக்க வைப்பதற்காகத்தானே வைத்தியர், சாவுக்கு நாள் குறிப்பதற்கா என்பது அவர் கோபம்.

இந்த இரண்டு நாவலையும் அடுத்தடுத்துப் படித்தது தற்செயல் மாதிரி தெரிந்தாலும் பேசப் பேச ஒன்று இன்னொன்றைத் திறந்துவிட்டது. ஜீவன் மசாய் ஊரில் சொல்லிவிடுகிறார்கள். புறப்படத் தயாராகு, கணக்கு வழக்கை முடித்துக்கொள், பார்க்க வேண்டியவர்களைப் பார்த்துக்கொள். ரேவதியின் வார்டில் யாரும் சொல்வதில்லை. எல்லா எந்திரமும் இருக்கிறது, சொல்வதற்கு ஆள் இல்லை. நர்ஸ் அக்காவிடம் நீ யார் பக்கம் என்று கேட்டோம். மசாய் பக்கம் போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிரத்யோதை விட்டுக்கொடுக்கவில்லை. "அவரு கோவப்படறது சரி. நாவல்ல வர்ற காலு முறிஞ்ச கிழவிய, இனி சாவுதான்னு கங்கைக்கு அனுப்புனா, ஆபரேஷன்ல பிழைக்கிறவளும் செத்துப்போவா. சொல்லத்தான் வேணும். ஆனா எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றாள்.

நான் நின்ற இடம் முடிவு. மசாய் தன் நாடியையே பிடித்துப் பார்க்கிறார். ஆயுள் முழுக்க மற்றவர்களிடம் கண்டதைத் தன்னிடமும் காண முடியுமா என்று தேடுகிறார். வைத்தியத் தொழிலைப் பற்றி இதைவிடப் பெரிய நாவல் நான் படித்ததில்லை. பழைய மொழிபெயர்ப்பு நடை கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தடையாக இருந்தது. ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. பொறுத்துக்கொண்டவர்கள் அதற்கப்புறம் கீழே வைக்கவில்லை.

*

'அம்மா வந்தா'ளை ஒரே பிரதியில் படித்தோம். கைமாறிக் கைமாறி அட்டை தளர்ந்து, நூல் பிரிந்து, நடுவில் செல்லோடேப் ஒட்டியது. யார் யார் படித்தார்கள் என்பது பென்சிலில் தெரிகிறது. அண்ணாச்சி அடிக்கோல் வைத்துக் கோடு போடுகிறவர், காவிரியை எழுதியிருக்கிற இடமெல்லாம் நேர்கோடாக ஓடுகிறது. தீப்பெட்டி ஆபீஸ் தம்பி ஓரத்தில் ஒரு சின்ன டிக் மட்டும் வைப்பான். இந்து அப்புவிடம் மனம் திறக்கிற பக்கத்தில் யாரோ கோடு போட்டு, பிறகு ரப்பரால் அழித்திருக்கிறார்கள். பக்கம் கொஞ்சம் கசங்கி, எழுத்து மங்கியிருக்கிறது. யார் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

1966-இல் வந்த நாவல். இன்றைக்கும் அப்புவின் அம்மா அலங்காரத்தம்மாள், கணவர் இருக்கையில் இன்னொருவரோடு உறவு வைத்தது சரியா தப்பா என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அந்த விவாதம் எனக்கு அலுத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். மதினி அதைத் திருப்பிப் போட்டாள். அவள் நின்றது அலங்காரத்தம்மாளின் கணவர் தண்டபாணியிடம். எல்லாம் தெரிந்துகொண்டு, அதே வீட்டில், ஒன்றும் தெரியாததுபோல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாரே, அவரைப் பற்றி ஏன் யாரும் சரியா தப்பா கேட்பதில்லை என்றாள். அடுத்து பேசிய எல்லாருக்கும் தண்டபாணியைப் பற்றிச் சொல்ல ஏதோ இருந்தது. அன்றைய கூட்டம் முடிய ராத்திரி வெகு நேரமாகிவிட்டது.

*

பாதியில் விட்டவர்களுக்கும் பேச உரிமை உண்டு என்று அடம்பிடித்து வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்தில் மூடினார்கள் என்று சொன்னால் போதும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை இரண்டு பேர் தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள். கடல் கடந்த மெடான் நகரத்தின் தெருக்களும் கடைகளும் பெயர்களும் சரம்சரமாக வருகிற பகுதி. ஊர் தெரியாது, பெயர் புரியவில்லை, யாரைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை என்றார்கள். நியாயமான புகார்தான். நாயகன் பாண்டியன் யார் என்று நிதானமாக அறிமுகப்படுத்தும் பழக்கம் சிங்காரத்துக்கு இல்லை.

ஆனால் அந்தக் குழப்பத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜப்பான்காரன் உள்ளே வருகிறான், நேற்றுவரை இருந்த ஆட்சி இன்றைக்கு இல்லை, வட்டிக்கடையில் வேலைக்குப் போன தமிழ்ப் பையன்கள் தெருவில் நிற்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் எல்லாம் புரிந்திருக்குமா? சிங்காரம் அந்த மெடானில் இளம் வயதில் வேலை பார்த்தவர். போர் முடிந்து ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்து, ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாக வாழ்ந்தவர். முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' 1959-இல் வந்தது, 'புயலிலே ஒரு தோணி' 1972-இல். அதோடு நிறுத்திவிட்டார். 1997-இல் காலமானார். தமிழில் இப்படி ஒரு உலகப்போர் நாவலை எழுதிய மனிதர் இரண்டு நாவல்களோடு நிறுத்திக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம், அவர் இருந்த காலத்தில் மதுரையில் பத்துப் பேர் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை ஒரு சாயங்காலம் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றும். அங்கீகாரம் எல்லாம் பின்னால் வந்தது. நாங்கள் கூடிப் பேசுவது எந்த எழுத்தாளருக்காவது காதில் விழும் என்று நான் கற்பனை செய்துகொள்ளவில்லை. விழ வேண்டும் என்ற ஆசை மட்டும் இருக்கிறது.

*

சோ. தர்மனின் 'சூல்' எங்கள் ஊர்ப் புத்தகம். பக்கத்து உருளைக்குடிக் கண்மாய்தான் கதாநாயகன் மாதிரி. 2019-இல் சாகித்திய அகாதெமி விருது. முதல் பாதியை நான் ஓடிப்போய் வேண்டியவர்களிடமெல்லாம் சொன்னேன். கரம்பை அள்ளுவது, மடை, கலிங்கு, மீன், பறவை, ஊர்க் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் கண்மாயோடு இருக்கிற உறவு. சுதந்திரத்துக்குப் பின்னால் வரும் பகுதியில் நாவல் மனுவாக மாறிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். பாத்திரங்கள் பேச வேண்டிய இடத்தில் ஆசிரியரே மேடை ஏறிவிடுகிறார்.

சம்சாரி இதற்கு ஒப்பவே இல்லை. "கண்மாயில கருவேல முள்ளு காடா நிக்கிது. கலிங்கு ஒடஞ்சு கெடக்கு. அதப் பாத்துட்டு அமைதியா எழுதணும்னு நீங்க எப்படிச் சொல்றீக?" என்று கேட்டார். கோபம் இருக்கட்டும், அதை நாவலுக்குள் வாழ்கிற ஒருவன் சுமக்கட்டும் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். இரண்டு பேரும் அவரவர் இடத்திலேயே இருக்கிறோம். அந்தப் பேச்சுக்கு அப்புறம் அவர் என்னை அவருடைய ஊர்க் கண்மாய்க்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.

*

கோடையில் 'தண்ணீர்' படித்தோம். அசோகமித்திரன் கணையாழியில் தொடராக எழுதி, 1973-இல் புத்தகமானது. சென்னையில் ஒரு தெரு. அடிபம்பு, குடம், தோண்டிப்போட்ட ரோடு. சினிமா ஆசையில் பாஸ்கர் ராவை நம்பி வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்ட ஜமுனா, தங்கை சாயா, பக்கத்து டீச்சரம்மா. வீராணத்திலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறோம் என்று ராட்சசக் குழாய்களைக் கொண்டுவந்து ரோட்டோரம் போட்டுவிட்டு, தண்ணீர் வராமல், குழாய்க்குள் குடும்பங்கள் குடியேறிய சரித்திரமும் அந்த ஊருக்கு உண்டு. வீராணத் தண்ணீர் 2004-இல்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தது. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். அந்தச் சின்ன நாவல் பழையதாகவே மாட்டேன் என்கிறது. கோவில்பட்டிக்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீருக்கு நாள் எண்ணிக் காத்திருந்த ஊர் இது.

அண்ணாச்சிக்கு நாவலின் அச்சாணி டீச்சரம்மா. சாகப் போகிறேன் என்று நிற்கிற ஜமுனாவிடம், சீக்காளிப் புருஷனையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு தான் எப்படி நாளைத் தள்ளுகிறேன் என்று அவள் சொல்கிற இடம். அங்கேதான் ஜமுனா மாறுகிறாள் என்று நாங்கள் எல்லாரும் சொல்லி வந்தோம். பெரும்பாலும் எல்லா விமர்சனங்களிலும் அப்படித்தான் இருக்கும்.

மதினி கேட்டாள்: "அட்வைஸ் கேட்டா ஒருத்தி மாறிருவாளா?" அவள் நின்றது அடிபம்புப் பக்கங்களில். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் சாவதைப் பற்றிக்கூட நிம்மதியாக யோசிக்க முடியாது என்றாள். தண்ணி வந்துருச்சு என்று யாராவது கத்தினால் எழுந்து ஓடத்தான் வேண்டும். குடத்தைத் தூக்கிய கை வேறெதையும் தூக்காது. வரிசையில் நிற்கிறபோது சண்டை போட வேண்டும், அடுத்தவளுக்கு ஒரு குடம் விட்டுக்கொடுக்க வேண்டும், கிழவிக்குப் பிடித்துத் தர வேண்டும். இப்படியே ஜமுனாவுக்குத் தன் துக்கத்தைத் தவிர மற்ற மனுஷர்கள் கண்ணில் படத் தொடங்குகிறார்கள். "டீச்சரம்மா சொன்னது அப்புறம் ஒட்டிக்கிச்சு. முதல்ல தண்ணிதான் அவள எழுப்பிவிட்டுச்சு."

நான் அந்த நாவலைக் கல்லூரி நாட்களிலிருந்து படித்து வருகிறவன். தண்ணீரைக் குறியீடு என்று எத்தனையோ கட்டுரைகளில் வாசித்திருக்கிறேன். ஒரு குடம் தண்ணீரைக் குடம் தண்ணீராகவே வைத்துப் பேசி ஜமுனாவை இவ்வளவு தூரம் விளக்கிய ஒருவரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். கடைசியில் காரோடு வருகிற பாஸ்கர் ராவை அவள் திருப்பி அனுப்புகிறாளே, அதற்கு மட்டும் டீச்சரம்மாவின் துணை வேண்டும் என்று நினைக்கிறேன். மதினி அதை ஒப்புக்கொண்ட மாதிரி தலையசைத்தாள், முழு மனதோடு அல்ல.

*

அடுத்தது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத்துக்கே போய், தொழிலாளர்களோடு பழகி, பார்த்துக் கேட்டு 1979-இல் எழுதியது. நாலு சுவருக்குள் பெண்கள் எழுதுகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் உப்பளத்துக்கும் கடற்கரைக்கும் மலைக்கும் போன அந்த அம்மாளுக்கு நாம் போதுமான மரியாதை செய்யவில்லை என்பது என் வருத்தம். நாவலாக அது எங்கே நிற்கிறது, ஆய்வுக் குறிப்பாக எங்கே தங்கிவிடுகிறது என்பதைப் பேச வேண்டும்.

தீப்பெட்டி ஆபீஸ் தம்பிக்குத் தூத்துக்குடியில் அளத்தில் வேலை பார்த்த பெரியம்மா ஒருவர் இருக்கிறார். வாசிக்கத் தெரியாது. நாவலில் பொன்னாச்சி என்ற பெண் அளத்தில் முதன்முதலாக வேலைக்கு இறங்குகிற பகுதியை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறோம். அவர் வருவதாக இருந்தால் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி சொல்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மதினி பொறுப்பு.